லண்டனில் இருந்தவர் ஆய்ந்த பூ

‘உதவினார்’ என்ற சொல்லை, நான் அக்கா என்று அழைக்கும் அவருடைய காதுபட யாரும் சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. யார் உதவியது, யாருக்கு உதவியது, உண்மையில் அந்த வேலையைச் செய்தது யார் என்று கேட்டு முடித்த பிறகுதான் விடுவார்.

லண்டனின் தெற்கே மோர்டனில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் பரிசளிப்பு விழா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு என்று நினைக்கிறேன். மேடையில் தலைவர், செயலாளர், பிரதம விருந்தினர், எல்லோரும் கோட்டுப் போட்ட ஆண்கள். தலைவர் நன்றி சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில், “பள்ளிக்கூடம் நடக்க உதவி செய்த எங்கட பெண்களுக்கும் நன்றி” என்றார். மூன்றாவது வரிசையில் இருந்து அக்கா எழுந்தார்.

“ஐயா, ஒரு நிமிஷம். அவை என்ன உதவினவை?”

தலைவர் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். “இல்லை, எல்லா வேலைக்கும் ஒத்தாசையா…”

“படிப்பிக்கிறது அவை. வகுப்புத் திறக்கிறது, கதிரை அடுக்கிறது, பிள்ளையளை பஸ் ஏத்தி விடுறது எல்லாம் அவை. பள்ளிக்கூடம் நடத்திறதே அவைதான். நீங்கள் வருஷத்துக்கு ஒருக்கால் மாலை போட வாறியள். அப்ப உதவுறது நீங்களெல்லோ?”

மண்டபம் சிரித்தது. படிப்பிக்கும் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டோம். நானும் அவர்களில் ஒருத்தி. அவர் சொன்னது எங்களுக்காகத்தான், ஆனாலும் எனக்கு வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன்.

“அக்கா, ஒரு விழாவிலை உப்பிடிக் கேக்கலாமோ?”

“விழாவிலை பொய் சொல்லலாமோ?”



நாங்கள் இருவரும் ஒரே இடத்தில் வேலை செய்தோம். லண்டன் நடுவில் ஒரு சதுக்கத்தின் மூலையில், தாவரவியல் அறிஞர்களின் பழைய சங்கம் ஒன்று இருந்தது. உலகம் முழுவதிலுமிருந்து கொண்டுவந்து உலர்த்திய செடிகள் அங்கே தாள் தாளாக அலுமாரிகளில் அடுக்கியிருக்கும். நான் தட்டச்சுக்காரி. அவர் செடிகளைத் தாளில் ஒட்டும் பிரிவில் இருந்தார். யாழ்ப்பாணத்தில் பதினெட்டு வருடம் தாவரவியல் படிப்பித்தவர். வகுப்பறையில் மாணவிகள் நிமிர்ந்து உட்காரும் அளவுக்குப் பெயரெடுத்த ஆசிரியை. இங்கே அவருடைய பதவி ‘ஒட்டும் பிரிவு உதவியாளர்’. வேலை விண்ணப்பத்தைப் பார்த்த அதிகாரி, கல்வித் தகுதி என்ற இடத்தில் ‘வெளிநாட்டுத் தகுதி, மதிப்பிட இயலாது’ என்று எழுதியிருந்தாராம். அவர் அந்த இடத்திலேயே பேனாவை வாங்கி அதை வெட்டிவிட்டுத் தன் பட்டத்தை எழுதிக் கொடுத்திருக்கிறார். வேலை கிடைத்தது. ஆள் தட்டுப்பாடு அப்படி.

ஒட்டும் மேசையில் அவரைப் பார்க்கவேண்டும். செடியைப் பசையில் தொடுவதற்கு முன் கூடவந்த சீட்டை வாசிப்பார். எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது, எல்லாம் இருக்கும். பறித்தவர் பெயர், எங்கள் ஊர்ப் பேச்சில் ஆய்ந்தவர் பெயர், இல்லாவிட்டால் கை நின்றுவிடும்.

“இதை ஆர் ஆய்ஞ்சது?”

பக்கத்தில் இருக்கும் ஆங்கிலப் பெண்ணுக்கு அந்தத் தமிழ் வசனம் பாடமாகியிருந்தது. அவளும் சில வேளை கிளியைப்போல, “ஆர் ஆய்ஞ்சது?” என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார். சீட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், பழைய கடிதக் கட்டுகளைப் புரட்டிப் பெயரைக் கண்டுபிடித்த பிறகுதான் பசையைத் தொடுவார்.

இந்தக் குணம் எனக்கே ஒருமுறை தாங்கமுடியாமல் போனது. ஊரில் அம்மா இறந்தபோது என்னால் போக முடியவில்லை. முப்பத்தோராம் நாள் இங்கே சடங்கு செய்து, அண்ணை எழுதிய நினைவு மலரை வந்தவர்களுக்குக் கொடுத்தோம். அவர் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு அதை முழுவதும் வாசித்தார்.

“உம்மடை அம்மா புகையிலைத் தோட்டம் செய்தவ எண்டு நீர்தானே சொன்னனீர்?”

“ஓம் அக்கா.”

“அப்பா?”

“அப்பா கொழும்பிலை கந்தோர் வேலை. லீவுக்குத்தான் வருவார்.”

“இதிலை ‘கணவரின் உழைப்புக்கு உறுதுணையாக நின்றார்’ எண்டு போட்டுக் கிடக்கு. கிணத்துத் துலா மிதிச்சு, தண்ணி இறைச்சு, உங்கள் அஞ்சு பேரையும் வளத்தது ஆர்?”

சடங்கு வீட்டில், என் அம்மாவின் படத்துக்கு முன்னால். பத்து நாள் அவரோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் அந்த மலரை எடுத்து நானே வாசித்தேன். அம்மா காய்த்த கையோடு கிணற்றடியில் நின்றதைப்பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. நூறு வீட்டுக்குப் போன மலர். எனக்கு அப்போது வந்த ஆத்திரம் அவர்மீது அல்ல.

இனி அந்த அமெரிக்கப் பெண்ணைப்பற்றிச் சொல்லவேண்டும்.

எங்கள் சங்கத்துக்குப் பெருமை தருவதென்று சொல்லப்பட்டது ஓர் அமெரிக்கச் சேகரிப்பு. அமெரிக்கா இன்னும் இங்கிலாந்தின் கீழ் இருந்த காலத்தில், பென்சில்வேனியாவில் ஆற்றுத் தண்ணீரில் ஓடும் மாவாலை ஒன்றின் சொந்தக்காரரின் மகன் அந்தக் காடுகளின் செடிகளை உலர்த்தி, விவரம் எழுதி, லண்டன் வணிகர் ஒருவருக்கு வருடக்கணக்காக அனுப்பினான். ஆரம்பகால அமெரிக்கத் தாவரவியலாளர்களில் ஒருவன் என்று அவனுக்குப் பெயர். சங்கம் அந்தத் தாள்களைக் கண்காட்சியாக வைக்க முடிவுசெய்தது. சுவரில் தொங்கவிடும் குறிப்பை என்னிடம் தட்டச்சுக்குத் தந்தார்கள். அதில் அவனுடைய தங்கையைப்பற்றி இரண்டு வசனம் இருந்தது. ‘செடிகளை உலர்த்துவதில் இவருடைய தங்கை உதவினார். திருமணத்துக்குப் பின் அவருடைய ஆர்வம் குன்றியது.’

மதியச் சாப்பாட்டுக்கு என்னைக் கூப்பிட வந்தவர் என் தோளுக்கு மேலால் அதை வாசித்தார்.

“உதவினவவாம்” என்றார். அன்று அவர் சாப்பிடவில்லை.

அந்தத் தாள்கள் பழுதாகிக்கொண்டிருந்தன. கண்காட்சிக்கு முன் செடிகளைப் பழைய தாளிலிருந்து பிரித்துப் புதிய தாளுக்கு மாற்றவேண்டும். அது அவருடைய வேலை. ஈரத் துணியை வைத்து, எலும்புக் கத்தியால் மயிர் மயிராகப் பசையை நெகிழ்த்தி எடுப்பார். மூன்றாவது செடியைத் தூக்கியபோது அதற்குக் கீழே ஒரு கடதாசித் துண்டு ஒட்டியிருந்தது. இருநூறு வருடத்துக்கு மேலாக யாரும் பாராத துண்டு. தமையனின் கொட்டையெழுத்து அல்ல, சரிந்த சின்ன எழுத்து. ‘ஆலை அணைக்குக் கீழே ஈரமண்ணில் இன்று காலை நானே எடுத்தது. இந்தப் பூ இரண்டு கிழமைக்குமேல் நில்லாது.’ கீழே தங்கையின் பெயர், தேதி.

மூன்று இலையும் மூன்று வெள்ளை இதழும் கொண்ட ஒரு காட்டுப் பூ அது. பழுப்பாகிப்போயிருந்தது. மேலே பெரிய சீட்டில் தமையனின் பெயர்.

அதன் பிறகு நான்கு மாதம் அவருக்கு மதிய இடைவேளை என்று ஒன்று இருக்கவில்லை. செடிக்குச் செடி துண்டுகள் வந்தன. மாடியில் இருந்த கடிதக் கட்டில், தமையனின் பெயருக்குக் கீழே தங்கையின் கடிதங்களும் கலந்து கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாக வாசித்து, நாங்கள் மோர்டனுக்கு ரயிலில் திரும்பும்போது எனக்குச் சொல்லிக்கொண்டு வருவார். யாரோ ஒன்றுவிட்ட தங்கையைப்பற்றிச் சொல்வதுபோல இருக்கும்.

அவளுக்கு லத்தீன் படிப்பிக்கவில்லை. தமையனுக்குப் படிப்பித்தார்கள். அவள் ஆங்கிலத்திலேயே எழுதினாள். இதழ் எத்தனை, மகரந்தக் காம்பு எத்தனை, மண் எப்படி, எந்த மாதம் காய்க்கும், எல்லாம் எண்ணி எண்ணி. எந்தச் செடி எந்த நோய்க்கு என்று அந்த நாட்டுப் பூர்வகுடிப் பெண்களிடம் கேட்டாள். யார் சொன்னது என்றும் ஒவ்வொன்றின் கீழும் எழுதினாள்.

“ஆரிட்டைக் கேட்டம் எண்டு எழுதிற புத்தி அந்தக் காலத்திலை இவள் ஒருத்திக்குத்தான் இருந்திருக்கு” என்று ரயிலில் சத்தமாகச் சொன்னார். எதிரில் இருந்தவர் பத்திரிகையைத் தாழ்த்திப் பார்த்தார்.

ஒரு மாலை அவர் ரயிலில் ஏறி உட்கார்ந்தார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். தான் பிரதிசெய்த கடிதம். திருமணத்துக்குப் பின் தங்கை லண்டன் வணிகருக்கு எழுதியது. செடி உலர்த்தும் மாடியறையைக் கணவர் கோதுமை கொட்ட எடுத்துவிட்டார். உலர்த்தக் கடதாசி இல்லை. மாச்சாக்குத் துணிக்குள் வைத்து உலர்த்துகிறேன், நிறம் போய்விடுகிறது. தயவுசெய்து கொஞ்சம் கடதாசி அனுப்புங்கள், எனக்கு இங்கே செடிகளுக்குக் குறைவில்லை. அதே வேண்டுகோளோடு மூன்று கடிதம். கடதாசி போகவே இல்லை.

“ஆர்வம் குன்றினதாம்! ஒரு கட்டுக் கடதாசி அனுப்பாமல் விட்டவங்கள் எழுதிறாங்கள், ஆர்வம் குன்றினதெண்டு!”

அந்தப் பெட்டியில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள்.

அவள் எப்படி முடிந்தாள் என்பது தமையனின் ஒரு கடிதத்தில் ஒரு வரியாக இருந்தது. ‘என் தங்கை பிள்ளைப்பேற்றில் இறந்துவிட்டாள். ஆகையால் இவ்வருட விதைகள் தாமதமாகும்.’ அதை எனக்கு வாசித்துக் காட்டியபோது அவருடைய குரல் உயரவில்லை. ‘ஆகையால்’ என்ற சொல்லின்மேல் விரலை வைத்துக்கொண்டு ரயில் மோர்டன் வரும்வரை இருந்தார்.

எல்லாவற்றுக்கும் முடிவான சாட்சி மிகச் சின்னது. அந்த வெள்ளைப் பூவின் தேதியுள்ள வசந்தத்திலும் அதற்கு அடுத்த வசந்தத்திலும் தமையன் லண்டனில் இருந்தான். அவனே வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் இருந்தன, விருந்துகளைப்பற்றி, புதுக் கோட்டைப்பற்றி. அந்த இரண்டு வசந்தங்களின் தேதி போட்ட செடிகள் ஒன்பது, எல்லாவற்றிலும் அவன் பெயர்.

“லண்டனிலை இருந்த மனிசன் பென்சில்வேனியாவிலை எப்பிடிப் பூ ஆய்ஞ்சவர்?” என்று கேட்டுவிட்டு முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார்.

கண்டதையெல்லாம் பதினான்கு பக்கமாக எழுதினார். வேலை முடிந்த பிறகு நான் இருந்து தட்டச்சுச் செய்தேன், கார்பன் வைத்து. கையெழுத்துப் பிரதியையும் தட்டச்சின் முதற்பிரதியையும் அவர் சேகரிப்புக்குப் பொறுப்பானவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். பொறுப்பாளர் நல்ல மாதிரியாகப் பேசக்கூடிய மனிதர். “மிகவும் சுவையான விஷயம், கட்டுரையை என்னிடம் வைத்துவிட்டுப் போங்கள்” என்றாராம். கார்பன் பிரதியை நான் வீட்டுக்குக் கொண்டுபோய் அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். அப்படி ஒன்று இருப்பதை அவருக்குச் சொல்ல மறந்துபோனேன்.

எட்டு மாதம் கழித்து, சங்கத்தின் சஞ்சிகைக்கு என்று பொறுப்பாளர் தன் கையெழுத்தில் ஒரு கட்டுரை கொண்டுவந்து தந்தார். இரண்டாவது பக்கத்தில் தட்டுவதை நிறுத்தி மிச்சத்தை வாசித்தேன். கடதாசித் துண்டுகள், சரிந்த எழுத்து, மூன்று கடிதம், லண்டனில் இருந்த தமையன் என்று எல்லாம் அதே வரிசையில் இருந்தன. கடைசி வரியில், ‘ஒட்டும் பிரிவு ஊழியர்களின் உதவிக்கு நன்றி’.

நான் அதைத் தட்டச்சுச் செய்தேன். ஒரு பிழை இல்லாமல் செய்தேன். அக்காவிடம் சொல்லவும் இல்லை.

ஏன் என்று கேட்பீர்கள். என் தம்பி கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் ஒளிந்திருந்தான். இரண்டு தடவை பொலிஸார் பிடித்துக்கொண்டுபோய், பிறகு விட்டிருந்தார்கள். மூன்றாம் தடவை விடுவார்கள் என்று யாரும் சொல்லவில்லை. அவனுக்கு மாணவர் விசா எடுக்க, நான் நிரந்தர வேலையில் இருக்கிறேன் என்று வேலைத்தலத்துக் கடிதம் வேண்டும். அதில் கையெழுத்திட வேண்டியவர் அந்தப் பொறுப்பாளர். என் கணவர், “நீர் உதுக்குள்ளை தலையை விடாதையும். முதல் தம்பி வந்து சேரட்டும்” என்றார்.

சஞ்சிகை வந்தது. அக்கா வாசித்தார். சத்தம் போடவில்லை. முறைப்பாடு எழுதி, மேலதிகாரிகளிடம் நேரே கொண்டுபோய்க் கொடுத்தார். மூன்று பேர் கொண்ட விசாரணை வைத்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். நீண்ட மேசை. அவர் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

“இவர் எழுதியதாகச் சொல்லும் பதினான்கு பக்கத்தை நீங்கள் தட்டச்சுச் செய்தீர்களா?” என்று நடுவில் இருந்தவர் ஆங்கிலத்தில் கேட்டார்.

“நிறையத் தட்டச்சுச் செய்கிறேன். நினைவில்லை.”

“பிரதி ஏதும் உங்களிடம் இருக்கிறதா?”

“இல்லை.”

எதிரே இருந்த அக்கா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார்.

போதிய ஆதாரம் இல்லை என்று தீர்ப்பு. அவரை ஒட்டும் மேசையிலிருந்து எடுத்து, நிலவறையில் பெட்டி கட்டும் வேலைக்குப் போட்டார்கள். ஒரு மாதத்தில் விலகிவிட்டார். விசாரணை முடிந்து இரண்டாம் நாள் என் கடிதம் கையெழுத்தாகி வந்தது. அந்த மனிதர் உறையை நீட்டி, “உங்கள் தம்பிக்கு என் வாழ்த்துகள்” என்று புன்னகையோடு சொன்னார். நானும் நன்றி சொன்னேன். அந்த நன்றியை இன்று நினைத்தாலும் எனக்கு உடம்பு கொதிக்கிறது.

கண்காட்சிச் சுவரில் குறிப்பை மாற்றினார்கள். அமெரிக்கப் பெண்ணின் பெயர் மேலே வந்தது. உதவியதும் ஆர்வம் குன்றியதும் போயின. இருநூறு வருடப் பிழை ஒன்றைத் திருத்தியவர் என்று பொறுப்பாளரை எல்லோரும் கொண்டாடினார்கள். பெண்களுக்கு நீதி கிடைக்கவேண்டும் என்று அவர் கூட்டங்களில் பேசினார். நான் அந்தப் பேச்சுகளையும் தட்டச்சுச் செய்தேன்.

தொண்ணூற்றைந்தில் கணினி வந்து என் வேலை போனது. இனி யாருக்கும் பயப்படத் தேவையில்லை என்று ஆன பிறகுதான் எனக்கு வாய் திறந்தது. இதைச் சொல்லவே கூசுகிறது. சேலைக்கு அடியில் இருந்ததைப் பிரதியெடுத்து, நடந்ததை எழுதி, சங்கத்துக்கு அனுப்பினேன். இரண்டு வரியில் பதில் வந்தது. கடிதம் கிடைத்தது, கோப்பில் சேர்க்கப்பட்டது. அவ்வளவுதான். அந்தப் பதிலையும் கார்பன் பிரதியையும் எடுத்துக்கொண்டு, அக்கா அப்போது குடியிருந்த மிச்சம் என்ற ஊருக்கு பஸ் ஏறினேன்.

கதவைத் திறந்தவருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. ஒரு பாடசாலையின் விஞ்ஞானகூடத்தில் வேலை செய்வதாகக் கேள்விப்பட்டிருந்தேன்.

“வாரும்” என்றார். தேநீருக்குக் கேத்திலைப் போட்டார். நான் தாள்களை மேசையில் வைத்தேன்.

“இதென்ன?”

“உங்கடை கட்டுரை, அக்கா. கார்பன் கொப்பி.”

“எப்ப எடுத்தது?”

“அண்டைக்கு ரைப் பண்ணேக்கை.”



“அப்ப அவை கேக்கேக்கை இது உம்மட்டை இருந்தது.”

“ஓம்.”

கேத்தில் கொதித்துத் தானாக நின்றது. அவர் அதன் பக்கம் போகவில்லை.

“தம்பி வந்து சேந்திட்டாரோ?”

“வந்திட்டான் அக்கா. படிச்சு முடிச்சு, இப்ப சட்டனிலை இருக்கிறான். ஒரு பிள்ளையும் இருக்கு.”

“அது நல்லம்.”

மனம் ஆறிவிட்டார் என்று நினைத்தேன். அவர் தாள்களை எடுத்துக்கொண்டு ஜன்னலடிக்குப் போய், பதினான்கு பக்கத்தையும் நின்றபடியே வாசித்தார். ஒன்பதாம் பக்கத்தில் நிறுத்தி, மேசையிலிருந்த பேனாவை எடுத்து ஓர் எழுத்தைத் திருத்தினார். நான் அன்று தட்டியதில் விட்ட பிழை. பிறகு சங்கத்தின் இரண்டு வரிக் கடிதத்தை வாசித்து மடித்து என்னிடம் தந்தார்.

“நான் விடமாட்டன், அக்கா. பத்திரிகைக்கு எழுதப்போறன். உங்கடை பேரைப் போட்டு, எல்லாத்தையும்…”

“எழுதும்” என்றார். “நடந்ததை நடந்தபடி எழுதும். அவளைப்பற்றி எழுதும். நீர் செய்ததையும் ஒளிக்காமல் எழுதும். என்ரை பேரை மட்டும் போடாதையும்.”

“ஏன் அக்கா?”

“போடவேண்டிய இடத்திலை நீர் போடேல்லை. இனி உம்மடை கையாலை எனக்கு அது வேண்டாம்.”

தேநீர் ஊற்றித் தந்தார். சீனி எவ்வளவு என்று கேட்கவில்லை, நினைவிருந்தது. நான் குடித்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தார்.